உஷார்! ஃபோன் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த 12 எழுத்து

இரவு 2 மணிக்கு லேண்ட்லைன் அடிக்கிறது. எடுத்து ஹலோ சொன்னால் மறுமுனையில் சத்தமே இல்லை. காலர் ஐடியில் 100 என்றோ 1001 என்றோ ஓர் எண். வழக்கமாக அழைப்பு வரும் நம்பர் மாதிரியே இல்லை. வைத்துவிட்டுப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி.

கல்கத்தாவின் நியூ டவுனில் குடியிருக்கும், அலுவலகம் நடத்தும் நம்மவர்கள் யாருக்காவது இப்படி நடந்தால் தயவுசெய்து ராங் நம்பர் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது மனிதர் யாரும் டயல் செய்த அழைப்பு இல்லை. உங்கள் இணைய ஃபோன் பெட்டி வெளியுலகுக்குத் தெரியும்படி நிற்கிறது; அதன் 5060-ஆம் போர்ட்டை எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் கண்டுபிடித்துவிட்டது. இன்றைக்கு மணி மட்டும்தான் அடிக்கிறது. அடுத்து தேடப்போவது உங்கள் பாஸ்வேர்டை. அந்தப் பாஸ்வேர்டு ஒரு ஃபைலில் இருக்கிறது; பல இடங்களில் அந்த ஃபைல் பூட்டே இல்லாமல் கிடக்கிறது. துர்கா பூஜா விடுமுறைக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

"எங்க வீட்ல அப்படிப் பெட்டி எதுவும் இல்லையே" என்பவர்கள் எழுந்துபோய் ஃபைபர் மோடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரிய ஓட்டைகள் நெட்வொர்க் வயருக்கு. பக்கத்தில் சின்னதாக ஒன்று இருக்கும். ஃபோன் படம் போட்டிருக்கும், அல்லது 'டெல்', 'பாட்ஸ்' என்று அச்சடித்திருக்கும். அதில் பழைய ஃபோனைச் செருகிப் பேசுகிறீர்கள் என்றால், அடாப்டர் உங்கள் மோடத்துக்குள்ளேயே இருக்கிறது. பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் ஃபைபரோடு வரும் லேண்ட்லைன் எல்லாம் இந்த ரகம்தான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்துவிட்டுப்போன பெட்டி, அலுவலகத்தில் சர்வர் ரேக்கின் ஓரத்தில் தொங்கும் கிராண்ட்ஸ்ட்ரீம், லிங்க்சிஸ், சிஸ்கோ பெட்டி, அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஆபீஸில் ஃபேக்ஸுக்காக வைத்தது எல்லாமே இதே குடும்பம். பழைய ஃபோனின் குரலை இணையப் பாக்கெட்டுகளாக மாற்றுவதுதான் இவற்றின் வேலை.

மாற்றுவதற்கு முன்னால் பெட்டிக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். எந்த சர்வரில் பதிவு செய்ய வேண்டும், யூசர் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன, டயல் செய்யும் எண்களை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நூற்றுக்கணக்கில் செட்டிங்குகள். ஆயிரம் வாடிக்கையாளர் வீட்டுக்கும் ஆள் அனுப்பித் தட்டச்சு செய்ய எந்த நிறுவனத்தாலும் முடியாது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல் எழுதி சர்வரில் வைத்துவிடுகிறார்கள். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் அதுவே போய் எடுத்துக்கொள்ளும். ஆட்டோ புரொவிஷனிங் என்பது இதைத்தான். சௌகரியமான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆபத்து அது நடக்கும் விதத்தில் இருக்கிறது.

ஆக்‌ஷன் ஏரியா 2 என்ற நியூ டவுன் பகுதியில் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய இரண்டு போர்ட் பெட்டி ஒன்று ஸ்விட்சில் செருகியிருந்தது. உரிமையாளரின் அனுமதியோடு லேப்டாப்பில், நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டோம். "கிச்சு ஹோபே நா, தாதா" என்றார் அவர், ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில். பெட்டி விழித்ததும் முதலில் டிஹெச்சிபி வழியாக ஐபி அட்ரஸ் கேட்டது. வந்த பதிலில் ஐபியோடு கூடவே ஆப்ஷன் 66 என்ற இடத்தில் ஒரு சர்வரின் முகவரியும் இருந்தது. உடனே அந்த சர்வரின் 69-ஆம் போர்ட்டுக்கு ஒரே ஒரு பாக்கெட் போனது. அதில் இருந்தது ஒரு ஃபைல் பெயர் மட்டும்: மூன்று எழுத்து, அதன் பின்னால் பெட்டியின் மேக் அட்ரஸ், கடைசியில் ஒரு புள்ளியும் சி.எஃப்.ஜி.யும். யார் நீ என்று சர்வர் கேட்கவில்லை. 512 பைட் 512 பைட்டாக வெட்டி ஃபைலை அனுப்பத் தொடங்கியது. நான்காவது துண்டைத் திறந்தேன். யூசர் ஐடி என்று ஒரு வரி, அடுத்த வரியில் பாஸ்வேர்டு, அப்படியே படிக்கும்படி. அதற்கும் கீழே பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு. உரிமையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கி உட்கார்ந்தார். அதன்பிறகு கிச்சு ஹோபே நா என்று அவர் சொல்லவில்லை.

பிறகு நான் லேப்டாப்பிலிருந்து அதே ஃபைல் பெயரைக் கேட்டேன். எனக்கும் கொடுத்தது அந்த சர்வர். ஃபிளாட் நம்பரைச் சரியாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் சாவியை எடுத்து நீட்டிவிடும் வாட்ச்மேன் அது. கேட்டது பெட்டியா, திருடனா என்று பார்க்க அதற்கு வழியே இல்லை.

பெட்டி ஃபைலை எடுத்த இந்த முறையின் பெயர் டிஎஃப்டிபி; 1981-இல் தரப்படுத்தப்பட்டது. ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகளை நெட்வொர்க்கிலிருந்து எழுப்ப, சின்ன மெமரியில் அடங்கும்படி வேண்டுமென்றே எளிமையாக வைத்தார்கள். 1992-இல் வந்த திருத்தப்பட்ட வரையறையான ஆர்எஃப்சி 1350, இதில் லாகின் கிடையாது, யார் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடும் கிடையாது என்று தானே சொல்லிவிடுகிறது. ஒரு கட்டடத்துக்குள், நம்பகமான ஆட்களுக்கு நடுவில் ஓடுவதற்காகச் செய்த ஒன்றைத் திறந்த இணையத்தில் வைத்து அதன் வழியாக வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை அனுப்புவது பொறுப்பற்ற செயல். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சாதாரண ஹெச்டிடிபியில் வைத்தாலும் கதை ஏறத்தாழ இதேதான். நடுவில் இருப்பவர் எல்லாரும் படிக்கலாம்.

ஃபைல் பெயரை வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பான்? மேக் அட்ரஸ் 12 எழுத்து. பெட்டியின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், அட்டைப்பெட்டியின் மேலும் இருக்கும். விற்பனைக்கு என்று ஃபோட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். அது கிடைக்காவிட்டாலும் 12-இல் முதல் 6 எழுத்து தயாரிப்பாளரின் குறி. எந்தக் கம்பெனிக்கு எந்த 6 எழுத்து என்பது பொதுப் பட்டியல். மீதி 6 எழுத்தில் சாத்தியமானவை 1,67,77,216. நமக்கு அது பெரிய எண். தூங்காமல் ஓடும் ஒரு புரோகிராமுக்கு, அதுவும் பெட்டிகள் அடுத்தடுத்த வரிசை எண்ணில் மொத்தமாக வாங்கப்பட்டிருக்கும்போது, அது பெரிய எண்ணே இல்லை. ஒரு பெட்டியின் மேக் அட்ரஸ் தெரிந்தால் அதன் முன்னும் பின்னும் நூறைக் கேட்டுப் பார்த்தால் போதும். அதே வாடிக்கையாளரின் மற்றப் பெட்டிகள் அங்கேதான் இருக்கும்.

பாஸ்வேர்டு கிடைத்தபின் திருடன் உங்கள் கட்டடத்துக்கு வர வேண்டியதே இல்லை. உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் எண்ணாகப் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் ஃபோன் வழக்கம்போல் வேலை செய்யும். வெளியே போகும் அழைப்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே வரும் அழைப்பு மட்டும் சில நேரம் மணி அடிக்காமல் போகும், ஏனென்றால் பல சர்வர்கள் அதைக் கடைசியாகப் பதிவு செய்தவனிடம் அனுப்புகின்றன. "நேத்து ஃபோன் பண்ணேனே, எடுக்கவேயில்லையே" என்று யாராவது சொன்னால், அதையும் ஓர் எச்சரிக்கையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே போகிறது? நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் வசூலிக்கும் வெளிநாட்டு எண்கள் உண்டு. அந்த வசூலில் பங்கு பேசி வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் பல அழைப்புகளை அங்கே ஓட்டுவார்கள். சனிக்கிழமை இரவு, நீண்ட விடுமுறை, இவைதான் அவர்களுக்குச் சீசன். சப்தமி முதல் தசமி வரை நியூ டவுனில் பாதி சின்ன அலுவலகங்களில் ஆள் இருக்காது. பில்லைப் பார்க்க ஆள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அழைப்பு போனது உங்கள் யூசர் பெயரில், உங்கள் பாஸ்வேர்டில் என்பதால் நான் பேசவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் மயாமியிலிருந்த எட்வின் பேனா என்பவர், ராபர்ட் மூர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து இணைய ஃபோன் நிறுவனங்களின் நெட்வொர்க்குகளுக்குள் புகுந்து 1 கோடி நிமிடங்களுக்கு மேல் திருடி விற்றார். 2006-இல் பிடிபட்டு, நாட்டைவிட்டு ஓடி, மெக்சிகோவில் மறுபடி சிக்கி, 2010-இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். மூருக்கு 2 ஆண்டு. எப்படி நுழைந்தீர்கள் என்ற கேள்விக்கு மூர் பின்னர் சொன்ன பதிலில் வித்தை எதுவும் இல்லை: பெட்டிகளில் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை.

அதைவிட என்னைக் கலங்க வைப்பது பெட்டிகளிலேயே இருக்கும் ஓட்டைகள். 2020 ஜூலையில் டெனபிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிராண்ட்ஸ்ட்ரீமின் ஹெச்டி800 வரிசைப் பெட்டிகளில் அப்படி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். விஷமமாக எழுதிய ஒரு கான்ஃபிக் ஃபைலைத் தயார் செய்து வைத்துவிட்டு, பெட்டிக்கு எஸ்ஐபி என்ற இணைய அழைப்பு முறையில் ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும். பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் வெளியாள் பெட்டிக்குள் தன் கட்டளைகளை ரூட் அதிகாரத்தோடு ஓட்டலாம். 1.0.17.5 மற்றும் அதற்கு முந்தைய ஃபர்ம்வேர் எல்லாவற்றிலும் இந்த ஓட்டை உண்டு. ஹெச்டி801, ஹெச்டி802 நம் ஊர் அலுவலகங்களில் சகஜம். வாங்கிய நாளிலிருந்து ஃபர்ம்வேரைத் தொடாதவர்கள் இன்றே எண்ணைப் பாருங்கள்.

சிஸ்கோவின் எஸ்பிஏ112 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கெட்ட செய்தி. 2023 மே மாதம் அதில் 10-க்கு 9.8 என்ற அளவில் ஓர் ஓட்டை வெளியானது. அதன் வெப் பக்கத்தின் ஃபர்ம்வேர் அப்கிரேடு பகுதி, வந்தவர் யார் என்றே சரிபார்க்காது. யார் வேண்டுமானாலும் தன் ஃபர்ம்வேரை ஏற்றிவிடலாம். ஆயுள் முடிந்த பெட்டி என்பதால் இதைச் சரிசெய்ய மாட்டோம், மாற்று வழியும் இல்லை, புதிய வரிசைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சிஸ்கோ சொல்லிவிட்டது. அதாவது இது மருந்து இல்லாத நோய். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய எஸ்பிஏ112-ஐ இன்று வாங்கிப் போடுகிறவர் பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை.

ஃபைபர் மோடம் வைத்திருக்கும் குடும்பங்கள் இதெல்லாம் அலுவலக விவகாரம் என்று நிம்மதியாகிவிட வேண்டாம். உங்கள் மோடத்துக்கு கான்ஃபிக் வருவது பெரும்பாலும் டிஆர்-069 என்ற முறையில். கம்பெனியின் சர்வர் மோடத்தைக் கூப்பிடுவதற்கு என்று வழக்கமாக 7547-ஆம் போர்ட் இருக்கிறது. 2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணையமும் ஃபோனும் ஒன்றாகப் படுத்தது, மிராய் வகை வைரஸ் ஒன்று இந்தப் போர்ட் வழியாக மோடங்களைத் தாக்கியதால். நம் நாட்டில் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் அதேபோல் நடந்தது. கர்நாடகம் மோசமாக அடிவாங்கியது; 60,000-க்கும் மேற்பட்ட மோடங்கள் செயலிழந்ததாகச் செய்திகள் வந்தன. அடிபட்டவை பெரும்பாலும் 'அட்மின்' என்ற ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாதவை. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. உங்கள் மோடத்தின் பாஸ்வேர்டு இன்று என்ன?

என்கிரிப்ஷன் போட்டிருக்கிறோம் என்று சில நிறுவனங்கள் சொல்வார்கள். எந்தச் சாவியால் என்று கேளுங்கள். 2023 ஆகஸ்டில் பிளாக் ஹேட் மாநாட்டில் ஜெர்மனியின் சிஸ் நிறுவன ஆய்வாளர் ஒருவர் ஆடியோகோட்ஸ் மேஜை ஃபோன்களைப் பிரித்துக் காட்டினார். கான்ஃபிக் ஃபைலைப் பூட்டும் சாவி ஃபர்ம்வேருக்குள்ளேயே புதைந்திருந்தது. அதை ஒருமுறை எடுத்துவிட்டால் அந்தச் சாவியால் பூட்டிய ஃபைல்கள் எல்லாமே திறந்துகொள்ளும்.

நியூ டவுனுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மேற்கு வங்க அரசின் ஹிட்கோ நிறுவனம் 1999-இல் தொடங்கி வயலிலிருந்து எழுப்பிய ஊர் இது. பக்கத்தில் சால்ட் லேக்கின் செக்டர் 5. ஒரே கட்டடத்தில் முப்பது கம்பெனி, ஒரே கேபிள்காரரின் இணைப்பு, மாதா மாதம் காலி செய்கிறவர்களும் குடி வருகிறவர்களும். செக்டர் 5-இலும் நியூ டவுனிலும் போலி கால் சென்டர்களை விதான்நகர் போலீஸ் கமிஷனரேட் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருப்பது இங்கிருக்கும் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கும்பல்களுக்குத் தினமும் தேவைப்படுவது, தங்கள் பெயரில் இல்லாத ஒரு நல்ல எண். பக்கத்துக் கதவுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

பக்கத்துக் கதவு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டிஹெச்சிபிக்கும் யார் பேசுகிறார் என்று சரிபார்க்கத் தெரியாது. பிரிக்கப்படாத ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் எந்தக் கணினியும், நான்தான் டிஹெச்சிபி சர்வர் என்று உண்மையான சர்வரை முந்திக்கொண்டு பதில் சொல்லி, ஆப்ஷன் 66-இல் தன் முகவரியையே கொடுக்கலாம். உங்கள் பெட்டி சந்தேகப்படாமல் அவனிடம் போய் கான்ஃபிக் வாங்கிக்கொள்ளும். சிபுரா, லிங்க்சிஸ் வழியில் வந்த பழைய பெட்டிகள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் மணிக்கு ஒருமுறை, அதாவது 3600 வினாடிக்கு ஒருமுறை, புது ஃபைல் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் பழக்கம் உள்ளவை. அவன் முகவரி ஒருமுறை உள்ளே போய்விட்டால் அவனுக்கு வாய்ப்பு நாளுக்கு 24 முறை.

அப்படி மாற்றி எழுதிய கான்ஃபிக் என்ன செய்யும்? உங்கள் அழைப்பு எல்லாம் அவன் சர்வர் வழியாகப் போகும். பேங்க் கஸ்டமர் கேருக்கு நீங்கள் அழுத்தும் எண்கள் உட்பட. அதைவிடப் பெரிய வினை, லேண்ட்லைன் வயரையும் சேர்த்துச் செருகும் எஃப்எக்ஸ்ஓ போர்ட் உள்ள பெட்டிகளில். எஸ்பிஏ3102, ஹெச்டி813 போன்றவை அந்த வகை. அதில் ஒன்றிரண்டு செட்டிங்கை மாற்றினால், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பு உங்கள் லேண்ட்லைன் வழியாக உள்ளூர் அழைப்பாக வெளியே போகும். சட்டம் இதைத் திருட்டு எக்ஸ்சேஞ்சாகத்தான் பார்க்கும். உரிமம் இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். நீங்கள் குற்றவாளி இல்லை என்று கடைசியில் தெரியவரலாம். ஆனால் போலீஸ் முதலில் வருவது எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் மனதின் குரல் நிகழ்ச்சியில் எச்சரித்தார். இங்கிருந்து அதிக தூரம் இல்லாத கல்யாணி நீதிமன்றம் 2025 ஜூலையில் அப்படியொரு வழக்கில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த மாதிரி அழைப்பு ஒன்று உங்கள் எண்ணிலிருந்து போனதாகப் பதிவாவதை நினைத்துப் பாருங்கள்.

இனி என்ன செய்ய வேண்டும். முதலில் உங்கள் பெட்டியை நீங்களே கண்டுபிடியுங்கள். சிஸ்கோ, லிங்க்சிஸ் பெட்டி என்றால் அதில் செருகிய ஃபோனை எடுத்து நட்சத்திரத்தை நான்கு முறை அழுத்தி, 110 அழுத்தி ஹேஷ் போட்டால் ஐபி அட்ரஸைக் குரலில் சொல்லும். கிராண்ட்ஸ்ட்ரீமில் மூன்று நட்சத்திரம், பிறகு 02. அந்த எண்ணை பிரவுசரில் அடியுங்கள். 'அட்மின்', 'அட்மின்' என்று போட்டதும் உள்ளே போய்விட்டது என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை மாற்றுங்கள். பிறகு புரொவிஷனிங் பக்கத்துக்குப் போய், ஃபைலை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். டிஎஃப்டிபி என்றோ வெறும் ஹெச்டிடிபி என்றோ இருந்தால் சேவை தரும் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டிய நேரம். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். பெட்டிக்குள் தயாரிப்பாளர் வைத்த சான்றிதழைச் சரிபார்த்த பிறகுதான் சர்வர் ஃபைலைத் தர வேண்டும் என்று கேளுங்கள். தெரிந்த பிராண்டுகள் பலவற்றில் இதற்கு வசதி உண்டு. அதெல்லாம் முடியாது என்றால் வேறு நிறுவனம் பார்ப்பதே உத்தமம். ஒருமுறை செட் செய்தபின் மாறப்போவதில்லை என்றால் ஆட்டோ புரொவிஷனிங்கையும் ஆப்ஷன் 66-ஐ நம்பும் செட்டிங்கையும் அணைத்து வைப்பது என் பரிந்துரை. ஆனால் ஃபர்ம்வேரை அவ்வப்போது நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுராத்திரி மணிக்கு மருந்து அதே பக்கங்களில் இருக்கிறது. கிராண்ட்ஸ்ட்ரீமில், தன் எஸ்ஐபி சர்வரிடமிருந்து வரும் செய்தியை மட்டும் ஏற்பது என்று ஒரு தேர்வு உண்டு. சிஸ்கோ வகையில் அனுப்பும் ஐபியைக் கட்டுப்படுத்தும் தேர்வு லைன் பக்கத்தில் இருக்கும். ரவுட்டரில் 5060-ஐயோ பெட்டியின் வெப் பக்கத்தையோ வெளியுலகுக்குத் திறந்துவிட்டிருந்தால் மூடுங்கள். அன்றைக்கு டெக்னீஷியன் குரல் வரவில்லை என்று திறந்துவிட்டுப் போனது இன்னும் திறந்தே கிடக்கும், பல இடங்களில் இதுதான் கதை. அலுவலக ஸ்விட்ச் நல்ல ரகமாக இருந்தால் போலி டிஹெச்சிபி பதில்களைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை ஆன் செய்யச் சொல்லுங்கள், ஃபோன் பெட்டிகளைத் தனி விலானில், அதாவது பிரித்த நெட்வொர்க்கில், போடச் சொல்லுங்கள்.

ஃபைபர் மோடம் விஷயத்தில் உங்கள் கையில் இருப்பது குறைவு. உள்ளூர் லாகின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மோடத்தை வெளியிலிருந்து திறக்கும் ரிமோட் அக்சஸ் ஆன் செய்திருந்தால் அணையுங்கள். 7547 எல்லாருக்கும் திறந்திருக்கிறதா, கம்பெனியின் சர்வருக்கு மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பணத்துக்கான தடுப்பு மிக எளிது, அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் ஐஎஸ்டியை முழுக்க பார் செய்யச் சொல்லுங்கள், பெட்டியில் அல்ல, சர்வர் பக்கத்தில். பெட்டியில் போட்ட தடை பாஸ்வேர்டு திருடியவனைத் தடுக்காது. தேவை உண்டென்றால் குறிப்பிட்ட நாடுகள் மட்டும், நாளுக்கு இவ்வளவு ரூபாய் மட்டும், ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு மட்டும். பூஜாவுக்கு அலுவலகத்தை மூடும் அன்று மாலை இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

பழைய பெட்டியைக் கழிக்கும்போதும் கவனம். கல்கத்தா சாந்தினி சௌக், நம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இரண்டிலும் மூடிப்போன அலுவலகங்களின் சாமான்கள் குவியலாக விற்கின்றன. ரீசெட் செய்யாமல் போட்ட பெட்டிக்குள் உங்கள் கணக்கு அப்படியே இருக்கும். வாங்கியவர் செருகியதும் உங்கள் எண்ணாகவே பதிவாகும். சிஸ்கோ, லிங்க்சிஸ் பெட்டியில் நான்கு நட்சத்திரத்துக்குப் பிறகு 73738, ஹேஷ், பிறகு 1. கிராண்ட்ஸ்ட்ரீமில் மூன்று நட்சத்திரத்துக்குப் பிறகு 99. அது சொல்லும்போது மேக் அட்ரஸையும் அடிக்க வேண்டும். அத்தோடு நிற்காமல், அந்த மேக் அட்ரஸுக்கான ஃபைலை சர்வரிலிருந்து நீக்கி, எஸ்ஐபி பாஸ்வேர்டையும் மாற்றும்படி நிறுவனத்திடம் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் துடைத்தால், அடுத்த வீட்டில் அது விழித்ததும் பழைய ஃபைலை மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களும் முதல் வேலையாக ரீசெட் செய்யுங்கள். முந்தைய கான்ஃபிக் யார் எழுதியது என்று யாருக்குத் தெரியும்.

ஒருவேளை இதைப் படிக்கும்போதே பில்லில் தெரியாத நாட்டு எண்கள் வரிசையாக இருந்தால், முதல் அழைப்பு சேவை நிறுவனத்துக்கு, உங்கள் மொபைலிலிருந்து. வெளி அழைப்பை உடனே நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1930, அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளம். விதான்நகர் கமிஷனரேட்டின் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். நிறுவனமாக இருந்தால் 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்கும் தெரிவித்தாக வேண்டும். விடுமுறை என்பது அங்கே காரணமாகாது. பதற்றத்தில் பெட்டியை ரீசெட் செய்துவிடாதீர்கள், பவரையும் அணைக்காதீர்கள். பல பெட்டிகளில் லாக் மெமரியில் மட்டும்தான் இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். நெட்வொர்க் வயரை மட்டும் பிடுங்கிவிட்டு, விசாரிக்க வருகிறவர் பார்க்கும்வரை பெட்டியை அப்படியே விட்டுவையுங்கள்.